ஆர்க்கிட் மறுநடவு

ஆர்க்கிட் மறுநடவு என்பது கவனிப்பின்றி நலிந்த ஆர்க்கிட் செடியின் அழுகிய வேர்களைக் களைந்து, புதிய நடவுப் பொருளில் நட்டு மீட்கும் முறை. ஹைதராபாத் போன்ற தக்காணப் பீடபூமி நகரங்களில் பால்கனிகளிலும் மொட்டை மாடிகளிலும் வளரும் டென்ட்ரோபியம், ஃபலனாப்சிஸ், வாண்டா ஆகியவற்றுக்கு இது பெரிதும் பயன்படுகிறது.

வரலாறும் வகைப்பாடும்: தெலுங்கு நாட்டு ஆர்க்கிட்டுகளை அறிவியல் முறையில் விவரித்த முன்னோடி, கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க். சாமல்கோட்டையில் தங்கித் தாவரங்களை ஆராய்ந்த இவர், மரங்களில் ஒட்டி வளரும் ஓர் ஆர்க்கிட்டை 1795இல் எபிடென்ட்ரம் டெசெல்லேட்டம் எனப் பெயரிட்டு, சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் படத்துடன் வெளியிட்டார். 1820இல் ராபர்ட் பிரவுன் வாண்டா பேரினத்தை முறைப்படி வெளியிட்டார். ராக்ஸ்பர்க்கின் செடி 1830இல் அதில் சேர்க்கப்பட்டு வாண்டா டெசெல்லேட்டா ஆனது. ஃபலனாப்சிஸ் பேரினத்தை 1825இல் நிறுவியவர் தாவரவியலாளர் புளூமே.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர் இச்செடிகளை வெப்பமும் ஈரமும் மிக்க, காற்றோட்டமற்ற கண்ணாடி இல்லங்களில் அடைத்துப் பெருமளவில் சாகவிட்டனர். இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் தோட்டக்கலைஞர் ஜோசப் பாக்ஸ்டன் காற்றோட்டம் அளித்து வளர்த்த முறையே இன்றைய வளர்ப்புக்கு அடிப்படை. ஆர்க்கிட் வேர்களைச் சூழ்ந்துள்ள வெலமன் என்னும் உறை நீரை விரைந்து உறிஞ்சிக்கொள்ளும். இடையிடையே உலராவிட்டால் வேர் அழுகும். பராமரிப்பில்லாத செடி தாகத்தைவிட வேர்மூச்சுத் திணறலாலேயே மிகுதியும் மடிகிறது.

முறை: செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, மக்கிய பாசியையும் நாரையும் உதிர்க்க வேண்டும். அழுத்தினால் கெட்டியாக இருக்கும் வேர் உயிருள்ளது. பழுப்பேறிக் கூடாக நசுங்குவதைத் தீயில் காட்டிய கத்தியால் வெட்டலாம். கரி, செங்கல் துண்டு, பலமுறை நீரில் ஊறவைத்து உப்பு நீக்கிய தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றின் கலவையே நம் தட்பவெப்பத்துக்குச் சிறந்தது. விலையுயர்ந்த இறக்குமதிப் பட்டை தேவையற்றது. தோட்ட மண் ஒருபோதும் கூடாது. வெட்டுக்காயம் ஆறச் சில நாட்கள் நீர் ஊற்றாமல், நிழல்வலையின்கீழ் வைக்க வேண்டும். புதிய வேர் முளைத்த பின்பே உரமிட வேண்டும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைவிட மழைநீர் நல்லது.

ஹைதராபாத்தில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவதால், பருவமழை தொடங்கிய பின் ஜூன், ஜூலை மாதங்களே மறுநடவுக்கு உகந்தவை.

தற்கால நிலை: நகரின் நர்சரிகளில் கலப்பின ஆர்க்கிட்டுகள் இன்று எளிதில் கிடைக்கின்றன.