முல்கோவால் கிராமத்தின் பத்தொன்பது பேர்

எனது இடது தோளுக்குச் சற்றுக் கீழே இரண்டு தழும்புகள் உள்ளன. ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களின் கைகளில் இத்தகைய தழும்புகளைச் சாதாரணமாகக் காணலாம். அம்மைப்பால் குத்தியதன் அடையாளம் அது. குத்திய சில நாட்களில் கை வீங்கியது; காய்ச்சல் காய்ந்தது; அக்குளில் நெறி கட்டியது. ஆச்சி தலைமாட்டில் வேப்பிலை வைத்து, முழுக்கையும் நிறுத்திவிட்டார். ஒரு வாரம் கழித்து அம்மைப்பால் குத்தும் உத்தியோகத்தர் மீண்டும் வந்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். "பால் பிடித்திருக்கிறது" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். காய்ச்சலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அந்த உத்தியோகத்தர் மீது எனக்கு எவ்விதக் குறையும் இல்லை. அவரையும் அவரைப் போன்ற பல்லாயிரவரையும் கொண்டுதான் பெரியம்மை இவ்வுலகிலிருந்து துடைத்தெறியப்பட்டது. 1980ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அதனை அறிவித்தது. ஆயினும் கேட்கப்படாத அந்தக் கேள்வி என் மனதை விட்டு அகலவில்லை. 2021ஆம் ஆண்டு கொரோனாத் தடுப்பூசி வந்தபோது ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் உறவினர் தொலைபேசியில் அழைத்து, யாருக்குக் கை வலித்தது, யாருக்குக் காய்ச்சல் வந்தது, யார் இரண்டு நாள் எழும்பவில்லை என்றெல்லாம் கூறினார்கள். இவற்றையெல்லாம் எவரேனும் எழுதிவைக்கிறார்களா என்று நான் ஒருவரிடம் கேட்டேன். "இதை யாருக்குச் சொல்வது?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

தடுப்பூசியின் வரலாறு அதனைக் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. ஊசியை ஏற்றுக்கொண்டவர்களின் வரலாறு எங்கே? இக்கேள்வியோடு தேடும்போது, நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பஞ்சாப் கிராமம் நம்முன் வந்து நிற்கிறது.

பம்பாயில் ஒரு வைத்திய விஞ்ஞானி

1896ஆம் ஆண்டு பம்பாய் நகரில் பிளேக் நோய் பரவியது. மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். நகரை விட்டு ஓடினர். பிரித்தானிய அரசு எடுத்த நடவடிக்கைகள் நோயைவிடக் கொடியவை என மக்கள் கருதினர். சிப்பாய்கள் வீடுகளுக்குள் நுழைந்தனர், பெண்களையும் சோதனையிட்டனர். இதன் விளைவாக 1897 ஜூன் மாதம் பூனாவில் பிளேக் தடுப்பு அதிகாரி வால்ட்டர் ரான்ட், சபேக்கர் சகோதரர்களால் சுடப்பட்டதை வாசகர்கள் அறிவர்.

இத்தகைய சூழ்நிலையிலேதான் வல்டமார் ஹாஃப்கின் பம்பாயில் பணியாற்றினார். ஒடெசா நகரில் 1860ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றில் பிறந்த இவர், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் கொலராவுக்குத் தடுப்பு மருந்து கண்டவர். பம்பாயில் மிகக் குறுகிய காலத்தில் பிளேக் தடுப்பு மருந்தையும் உருவாக்கினார். 1897 ஜனவரி 10ஆம் திகதி அதனை முதலில் தமது உடலிலேயே ஏற்றிக்கொண்டார். பின்னர் மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடக் கூடிய அளவு அது. கடும் காய்ச்சலும் வலியும் அவரை வாட்டின. பிறருக்குக் கொடுக்கவிருந்த வேதனையைத் தாமே முதலில் அனுபவித்துப் பார்த்த மனிதர் அவர் என்பதை இவ்விடத்தில் மறக்கலாகாது.

மருந்து பலனளித்தது. முழுமையான பாதுகாப்பைத் தராவிடினும், ஏற்றிக்கொண்டவர்களிடையே நோயும் மரணமும் பெரிதும் குறைந்தன. ஆனால் ஊசி ஏற்றியபின் காய்ச்சல் வருவது உறுதி. ஊசி இட்ட இடம் வீங்கும். கூலி வேலை செய்பவனுக்குச் சில நாட் கூலி போகும். இதனை முன்கூட்டிச் சொல்வார் குறைவு. சொல்லாத இடத்தில் வதந்தி புகுந்துகொண்டது. ஊசி ஒரு கசம் நீளமானது என்றனர். ஏற்றிக்கொண்டால் ஆண்மை போய்விடும் என்றனர். மக்கள் தொகையைக் குறைக்க வெள்ளைக்காரன் செய்த சதி என்றும் சொன்னார்கள்.

1902 ஒக்டோபர் 30

பஞ்சாப் மாகாண அரசு 1902ஆம் ஆண்டு பெருமளவிலான பிளேக் தடுப்பூசி இயக்கமொன்றை ஆரம்பித்தது. மருந்தின் தேவை மிகவும் கூடியது. அதற்கு ஈடுகொடுப்பதற்காக ஹாஃப்கின் தமது ஆய்வுகூடத்தில் தயாரிப்பு முறையை மாற்றினார். கிருமிநாசினியாகச் சேர்த்து வந்த கார்போலிக் அமிலத்தை விட்டு, வெப்பத்தினால் மட்டும் கிருமிநீக்கம் செய்யும் முறையைக் கைக்கொண்டார். பாரிசில் வழக்கிலிருந்த முறைதான் அது.

1902 ஒக்டோபர் 30ஆம் திகதி, இன்று பாகிஸ்தானுக்குள் அடங்கும் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி ஏற்றப்பட்டது. ஐந்து போத்தல்களிலிருந்து மருந்து எடுக்கப்பட்டது. ஒரு வாரத்தினுள், 53என் என்ற இலக்கமிட்ட ஒரே போத்தலிலிருந்து மருந்து பெற்ற 19 பேருக்கு ஏற்பு நோய் கண்டது. தாடை இறுகி, வாய் திறக்க முடியாமல், உடல் வில்லாக வளைந்து இறக்கும் அந்தக் கொடிய நோயை நம் கிராமத்தவரும் அறிவர். பத்தொன்பது பேரும் இறந்தனர். மற்றைய நான்கு போத்தல்களிலிருந்து மருந்து பெற்ற 88 பேருக்கும் எதுவும் நேரவில்லை.

அரசு நியமித்த விசாரணைக்குழு, போத்தல் திறக்கப்படுவதற்கு முன்னரே, அதாவது பம்பாய் ஆய்வுகூடத்திலேயே, நஞ்சு கலந்துவிட்டது என்று முடிவு செய்தது. கார்போலிக் அமிலத்தைக் கைவிட்டதே குற்றமாகக் காட்டப்பட்டது. ஹாஃப்கின் பதவியிலிருந்து ஒதுக்கப்பட்டார். ஆனால் முல்கோவாலில் நடந்த ஒரு சிறு சம்பவம் பின்னர் முக்கியத்துவம் பெற்றது. போத்தலின் அடைப்பை அகற்றப் பயன்பட்ட இடுக்கி, அன்று காலை உதவியாளர் ஒருவரின் கையிலிருந்து நிலத்தில் விழுந்தது. அது முறைப்படி கிருமிநீக்கம் செய்யப்படாமலே மீண்டும் பாவிக்கப்பட்டது. ஏற்பு நோய்க் கிருமி மண்ணில் வாழ்வது என்பதை நினைவிற் கொண்டால் இதன் பொருள் விளங்கும்.

மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ரோஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் பதின்மர் 1907 ஜூலையில் இலண்டன் ரைம்ஸ் பத்திரிகையில் ஹாஃப்கினுக்காக வாதிட்டனர். அவ்வாண்டிலேயே அவர் மீதான பழி நீங்கியது. எனினும் பம்பாய் ஆய்வுகூடத்தின் தலைமை அவருக்கு மீண்டும் கிடைக்கவில்லை. கல்கத்தாவிலேயே பணி கொடுக்கப்பட்டது. இதனை ஒரு குட்டி டிரைபஸ் வழக்கு என்று அழைத்தவர்களும் உண்டு. 1925ஆம் ஆண்டு அந்த ஆய்வுகூடத்துக்கே அவரது பெயர் சூட்டப்பட்டது. இன்றும் மும்பையில் அது ஹாஃப்கின் நிறுவனம் என்றே வழங்குகிறது.

ஒரு விஞ்ஞானிக்கு இழைக்கப்பட்ட அநீதியும் அதன் நிவர்த்தியும் இவ்வாறு வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. சரி. அந்தப் பத்தொன்பது பேர்? நான் வாசித்த நூல்களில் போத்தலின் இலக்கம் இருக்கிறது. இடுக்கி விழுந்த கதை இருக்கிறது. இறந்தவர்களில் ஒருவரின் பெயர்தானும் இல்லை. முதலில் தாடை இறுகியபோது அவர்கள் யாரிடம் சொன்னார்கள்? வீட்டார் எவ்வளவு தூரம் நடந்து வைத்தியரைத் தேடினார்கள்? எவரும் அறியோம். விசாரணை நடந்தது உண்மை. ஆனால் அது குற்றம் ஆய்வுகூடத்திலா கிராமத்திலா என்று அதிகாரிகளுக்கிடையே நடந்த வழக்கு. என்ன நடந்தது என்பதை ஊராருக்கு விளக்கிச் சொல்வது அதன் நோக்கமாக இருக்கவில்லை.

இதன் விலையையும் பஞ்சாப் மக்களே கொடுத்தனர். தடுப்பூசி இயக்கம் தளர்ந்தது. 1907ஆம் ஆண்டில் மட்டும் அம்மாகாணத்தில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிளேக் நோயால் இறந்தனர். இத்தனை மரணங்களுக்கும் முல்கோவாலே காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆயினும் ஊசிக்கு அஞ்சி ஒதுங்கியவர்களும் அவர்களுள் அடங்குவர் என்பதில் ஐயமில்லை.

பெற்றோர் சொன்ன சாட்சியம்

இனி அரை நூற்றாண்டு கடந்து அமெரிக்காவுக்கு வருவோம். 1955 ஏப்ரல் 12ஆம் திகதி ஜோனாஸ் சோக்கின் போலியோத் தடுப்பூசி பாதுகாப்பானது, பலன் தருவது என்று அறிவிக்கப்பட்டபோது அந்நாட்டில் தேவாலய மணிகள் ஒலித்தன. இரண்டு வாரங்கள் செல்லுமுன், ஊசி ஏற்றிக்கொண்ட பிள்ளைகள் சிலருக்கு இளம்பிள்ளைவாதம் கண்டிருப்பதாகச் செய்திகள் வரத் தொடங்கின.

போலியோ பரவியிருந்த காலம் அது. ஊசி இல்லாமலும் பிள்ளைகளுக்கு அந்நோய் வந்துகொண்டிருந்தது. ஆகவே "இது தற்செயல்" என்று தட்டிக் கழிப்பது மிக எளிது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் உடலில் ஓர் அடையாளம் இருந்தது. ஊசி ஏற்றிய அதே கையிலேயே பலருக்கு வாதம் முதலில் தொடங்கியிருந்தது. எந்தக் கை, எந்த நாள், எந்தக் கம்பனியின் மருந்து என்ற விபரங்கள் திரட்டப்பட்டபோது, அவற்றிற் பெரும்பாலானவை கலிபோர்னியாவின் கட்டர் ஆய்வுகூடத்தைச் சுட்டின. ஏப்ரல் 27ஆம் திகதி அதன் மருந்து முழுவதும் மீளப் பெறப்பட்டது. கொல்லப்பட்டிருக்க வேண்டிய வைரசு அம்மருந்தின் சில தொகுதிகளில் உயிருடன் இருந்தமை பின்னர் உறுதியாயிற்று. சுமார் 40,000 பேருக்கு மெல்லிய நோய் ஏற்பட்டது. 200 பேர் வரையில் வாதமுற்றனர். பத்துப் பேர் இறந்தனர்.

கால் வாதமுற்ற ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1958ஆம் ஆண்டு யூரிமார் விசித்திரமான தீர்ப்பொன்றை வழங்கினர். கம்பனி கவனக்குறைவாக நடந்துகொள்ளவில்லை. எனினும் பாதுகாப்பானது என்று விற்ற மருந்தினால் விளைந்த தீங்குக்கு அதுவே பொறுப்பு என்றனர். குற்றவாளி எவரும் இல்லாதவிடத்தும் பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் உண்டு என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றியது. தயாரிப்பு முறைகளும் பரிசோதனைகளும் இறுக்கப்பட்டன. தடுப்பூசி தொடர்ந்தது. 1955இல் ஏறத்தாழ 29,000 ஆக இருந்த அமெரிக்கப் போலியோ நோயாளர் தொகை 1957இல் ஆறாயிரத்துக்கும் குறைந்தது.

முல்கோவாலையும் கட்டர் சம்பவத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. தீங்கு இரண்டிலும் மெய்யானது. பின்னதில் பன்மடங்கு பெரியது. ஆனால் பின்னதில் பெற்றோரின் சொல் சாட்சியமாக ஏற்கப்பட்டது. தவறு எங்கே என்பது வெளிப்படையாகக் கூறப்பட்டது. நம்பிக்கை பிழைத்தது.

பத்திரிகையாளரின் பங்கு

இவ்விடத்தில் எனது தொழில் சார்ந்த ஓர் ஒப்புதலையும் செய்ய வேண்டும். ஊசிக்குப்பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததல்ல. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரிந்ததே. 1974ஆம் ஆண்டு இலண்டனில், குக்கல் தடுப்பூசி பெற்றபின் மூளை பாதிப்புக் கண்ட 36 சிறுவர்களைப் பற்றிய வைத்தியக் கட்டுரை ஒன்று வெளியானது. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதைப் பற்றிக்கொண்டன. ஏறத்தாழ எண்பது சதவீதமாக இருந்த தடுப்பூசி ஏற்றல் முப்பது சதவீதமளவுக்கு வீழ்ந்தது. எழுபதுகளின் இறுதியில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோரைக் குக்கல் பீடித்தது, பிள்ளைகள் இறந்தனர். அத்தடுப்பூசி நிரந்தர மூளைப் பாதிப்பை ஏற்படுத்துகிறது என்பது பிற்காலத்து ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. பெற்றோரின் துயரம் பொய்யல்ல. அதற்குக் காரணத்தைத் தீர விசாரிக்குமுன் தலைப்புச் செய்தி போட்டவர்கள் எம்மவர்கள்.

2008ஆம் ஆண்டு இலங்கையிலும் இத்தகைய சோதனை வந்தது. ஐந்து நோய்களுக்கெதிரான கூட்டுத் தடுப்பூசி அவ்வாண்டு தொடக்கத்தில் அறிமுகமானது. ஊசிக்குப்பின் சில குழந்தைகள் இறந்ததாக முறைப்பாடுகள் வந்ததும், ஏப்ரலில் அதன் பாவனை இடைநிறுத்தப்பட்டது. நிபுணர்கள் ஆராய்ந்தனர். 2010ஆம் ஆண்டு அது மீண்டும் பாவனைக்கு வந்தது. இந்நாட்டுப் பெற்றோர் தடுப்பூசியைக் கைவிடவில்லை. நிறுத்தத் தெரிந்தவர்களை நம்பலாம் என்பதும் அதற்கொரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

அந்நாட்களில் இளந்தந்தை ஒருவர் எங்கள் செய்தியறைக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஊசி ஏற்றிய இரவு முழுவதும் குழந்தை வீறிட்டு அழுததாகவும், மறுநாள் கிளினிக்கில் "அப்பிடித்தான் அழும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் கூறினார். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சுகமாக விளையாடுகிறது என்றார். அப்படியானால் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்டும் எழுத வேண்டாம் ஐயா. நான் சொன்னதை ஒருத்தர் குறிச்சு வைச்சால் போதும்" என்றார்.

அன்று நான் குறித்துவைக்கவில்லை. பக்கம் முடிக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கடனை இக்கட்டுரை ஓரளவேனும் தீர்க்கட்டும். ஊசி ஏற்றிக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் ஏற்றுங்கள். நான் இரு பேரப்பிள்ளைகளையும் கைபிடித்து அழைத்துச் சென்றவன். ஆனால் நாளையும் மருந்தின் தொகுதி இலக்கத்தையும் பிள்ளையின் சுகாதார அட்டையில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். வழமைக்கு மாறாக ஏதும் கண்டால் வைத்தியரிடம் கூறுங்கள். அவர் எழுதும்வரை எழுந்து வராதீர்கள். அதிற் பெரும்பகுதி காகமும் பனம்பழமுமாகவே இருக்கும். என்றோ ஒருநாள், ஒரு போத்தலின் இலக்கமாகவும் இருக்கலாம்.