நிரலை நோக்கி நகர்ந்த ஏடு: கெர்னல் டிரைவர் ஆவணங்களின் வரலாறு

கணினியின் இயங்குதளத்தில் வன்பொருள் முழுவதையும் நேரடியாகக் கையாளும் உரிமை பெற்ற உட்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். வட்டு, அச்சுப்பொறி, நெட்வொர்க் அட்டை, கேமரா முதலிய ஒவ்வொரு சாதனத்தையும் இயக்குவதற்காக அந்தக் கெர்னலுக்குள் அமரும் நிரலே டிரைவர். டிரைவர் எழுதுபவருக்கு இரண்டு வகை அறிவு தேவைப்படுகிறது. சாதனத்தின் மின்னணு விவரங்களை அதைச் செய்த நிறுவனம் தன் தரவேட்டில் தருகிறது. ஆனால் எந்தச் செயற்கூற்றை எந்த நிலையில் அழைக்கலாம், எங்கே காத்திருக்கக் கூடாது, ஒதுக்கிய நினைவகத்தை யார் விடுவிக்க வேண்டும் என்று கெர்னல் எதிர்பார்க்கும் ஒழுங்கை, அந்தக் கெர்னலை எழுதியவர்கள்தான் சொல்ல முடியும். இந்த இரண்டாவது அறிவை எழுத்தில் வைத்துக் காக்க நடந்த முயற்சிகளுக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. தனி நூலாகத் தொடங்கிய எழுத்து படிப்படியாக நிரலுக்கு அருகே நகர்ந்து, கடைசியில் நிரலுக்குள்ளேயே குடிபுகுந்ததை அந்த வரலாற்றில் காணலாம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. அதன் நான்காம் பிரிவு சாதனங்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு சிறு குறிப்பு, அந்தக் குறிப்பின் முடிவில் தெரிந்த குறைகளைச் சொல்லும் ஒரு பகுதி, அதற்குப் பொறுப்பானவரின் பெயர் என்று அதன் அமைப்பு இருந்தது. நிரலின் குறையை நிரலாளரே அச்சில் ஒப்புக்கொள்ளும் இந்த வழக்கம் பின்னால் வந்த எல்லாத் தொழில்நுட்ப ஆவணங்களுக்கும் ஒரு நேர்மையின் அளவுகோலைத் தந்தது என்று சொல்வது மிகையாகாது. எனினும் அந்தக் கையேடு சாதனத்தைப் பயன்படுத்துபவருக்கானது. டிரைவரை எழுதப் புகுபவருக்காக ரிட்சி தனியே ஒரு கட்டுரை எழுதினார். தரவைக் குறித்த அளவுள்ள துண்டுகளாகக் கையாளும் வட்டு போன்ற சாதனங்கள் ஒரு வகை, எழுத்தெழுத்தாகக் கையாளும் முனையம் போன்றவை மற்றொரு வகை எனப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் கெர்னல் டிரைவரை எந்த அட்டவணை வழியாக அழைக்கிறது என்பதை அக்கட்டுரை விளக்கியது. யூனிக்ஸின் ஏழாம் பதிப்புக் கையேட்டின் இரண்டாம் தொகுதியில் அது இடம்பெற்றது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் 1970களின் நடுவில் தம் மாணவர்களுக்காகச் செய்த பணி இன்னும் ஒரு படி முன்னே சென்றது. ஆறாம் பதிப்பு யூனிக்ஸ் கெர்னலின் ஏறத்தாழ ஒன்பதாயிரம் வரி மூலநிரலை ஒரு தொகுதியாகவும், அதற்கான உரையை மற்றொரு தொகுதியாகவும் அவர் அமைத்தார். வட்டு, வரி அச்சுப்பொறி, காகித நாடா ஆகியவற்றின் டிரைவர்களும் அதில் அடங்கும். மூல பாடத்தைப் பகுதி பகுதியாக எடுத்து உரை எழுதும் மரபில் வளர்ந்த வாசகருக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஏழாம் பதிப்போடு உரிம விதிகள் கடுமையாகி, மூலநிரலை வகுப்பில் கற்பிப்பதே தடைப்பட்டதால், அந்த உரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நகலெடுத்த தாள்களாகவே கைமாறி, 1996இல்தான் முறைப்படி அச்சேறியது. விளக்கம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அது விளக்கும் நிரல் பூட்டப்பட்டுவிட்டால் விளக்கமும் முடங்கிப்போகும் என்பதை லயன்ஸின் உரை பட்ட பாடு காட்டுகிறது.

1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலுக்கு அந்தத் தடை இல்லை. மூலநிரலோடு சேர்ந்தே வந்த டாக்குமென்டேஷன் என்னும் கோப்பகத்தில் தொடக்க ஆண்டுகளில் சேர்ந்தவை பெரும்பாலும் பயனர் குறிப்புகளே: இந்த நெட்வொர்க் அட்டையை எந்த முகவரியில் அமைப்பது, சாதனம் செயலியின் கவனத்தை அழைக்கும் இன்டரப்ட் எண்களில் எதை அந்த ஒலி அட்டைக்குக் கொடுப்பது என்பன போன்றவை. டிரைவர் எழுதுபவருக்கோ மைக்கேல் ஜான்சன் தொகுத்த கெர்னல் வழிகாட்டி போன்ற சில முயற்சிகளும், அனுபவசாலிகள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களுமே துணை. ஒரே தரவை ஒரே நேரத்தில் இரண்டு செயல்கள் மாற்றிவிடாமல் காக்கும் பூட்டுகளைப் பற்றிய கோப்பு ஒன்று டோர்வால்ட்ஸ் எழுதிய விளக்கக் கடிதங்களையே ஏறக்குறைய அப்படியே கொண்டிருந்தது.

இந்தக் குறையை நிறைத்த நூல் அலெசாண்ட்ரோ ரூபினி எழுதி 1998இல் வெளிவந்த ‘லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்’. அதன் சிறப்பு, பாடத்துக்கென ரூபினி அமைத்த ‘ஸ்கல்’ என்னும் கற்பனைச் சாதனம். அது கணினியின் நினைவகத்தில் ஒரு பகுதியையே சாதனமாகப் பாவித்தமையால், எந்தத் தனி வன்பொருளும் வாங்க இயலாத மாணவரும் முழுமையான ஒரு டிரைவரை எழுதி, ஏற்றி, சோதித்துப் பார்க்க முடிந்தது. 2001இல் ஜோனதன் கார்பெட் சேர்ந்த இரண்டாம் பதிப்பும், 2005இல் கிரெக் குரோ-ஹார்ட்மனும் சேர்ந்த மூன்றாம் பதிப்பும் வந்தன. மூன்றாம் பதிப்பு 2.6.10 கெர்னலுக்காக எழுதப்பட்டது. இணையத்திலும் இலவசமாகக் கிடைத்தது. ஒரு தலைமுறை டிரைவர் எழுத்தாளர்கள் அதிலிருந்தே உருவானார்கள். அதற்குப் பிறகு நான்காம் பதிப்பு வரவில்லை.

அதற்கான காரணத்தை லினக்ஸின் ஒரு கொள்கையிலேயே தேட வேண்டும். பயனர் நிரல்கள் கெர்னலை அழைக்கும் இடைமுகத்தைக் கெடுக்கக் கூடாது என்பதில் லினக்ஸ் மிகக் கண்டிப்பானது. ஆனால் கெர்னலுக்குள்ளே டிரைவர்கள் பயன்படுத்தும் இடைமுகத்துக்கு அத்தகைய உறுதி எதுவும் இல்லை. அந்த உறுதியை ஏன் தர முடியாது என்பதை விளக்கிக் குரோ-ஹார்ட்மன் எழுதிய ஓர் ஆவணமே மூலநிரலில் இடம்பெற்றிருக்கிறது. ஓர் உள்ளிடைமுகம் பிழையானது என்று தெரியவந்தால், அதை மாற்றுபவரே மூலநிரலில் உள்ள எல்லா டிரைவர்களையும் சேர்த்துத் திருத்திவிட வேண்டும் என்பதே அங்குள்ள முறை. நிரலுக்கு இது பெரும் நன்மை. ஆவணத்துக்கோ இது ஓயாத தேய்மானம், ஏனெனில் ஏறத்தாழ ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளியாகும்போது, வெளியே அச்சாகியிருக்கும் பக்கத்தைத் திருத்த எவராலும் இயலாது.

மூன்றாம் பதிப்பின் பக்கங்களிலேயே இதைக் கண்கூடாகக் காணலாம். படித்தல், எழுதுதல் என்ற வழக்கமான செயல்களுக்குள் அடங்காத கட்டளைகளைச் சாதனத்துக்கு அனுப்பும் வழி ஐஆக்டல் எனப்படும். அந்நூல் கற்பித்த ஐஆக்டல் முறை, கெர்னல் முழுவதையும் ஒரே பூட்டால் காக்கும் பழைய ஏற்பாட்டை நம்பியிருந்தது. 2010இல் வந்த 2.6.36 பதிப்பில் அந்த முறை நீக்கப்பட்டு, பூட்டுப் பொறுப்பு டிரைவரிடமே விடப்பட்டது. அடுத்த ஆண்டில் அந்தப் பெரும்பூட்டே மறைந்தது. குறித்த நேரத்தில் ஒரு செயற்கூற்றை ஓடச் செய்யும் டைமரை அமைக்கும் முறையும் 2018 தொடக்கத்தில் வந்த 4.15 பதிப்போடு மாறிவிட்டது. நூலைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்த மாணவரின் நிரல் இன்று தொகுப்பியையே தாண்டாது. நூலின் அடிப்படை விளக்கங்கள் இன்றும் தெளிவானவை. காலாவதியானவை அதன் எடுத்துக்காட்டு வரிகளே. அச்சு நூலால் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாமல் போனது வருந்தத்தக்கது.

ஆகவே ஆவணத்தை நிரலின் மேலேயே எழுதிவைக்கும் வழி வலுப்பெற்றது. ஒரு செயற்கூற்றுக்கு மேலே, குறித்த வடிவில், அதன் பெயர், அது பெறும் ஒவ்வொரு அளவுருவின் பொருள், அது திருப்பித் தரும் மதிப்பு ஆகியவற்றைக் குறிப்பாக எழுதினால், அவற்றைத் திரட்டி நூலாக்கும் கெர்னல்-டாக் என்னும் சிறுநிரல், க்னோம் மேசைத்தளத் திட்டத்தின் அதையொத்த ஒரு கருவியிலிருந்து வளர்ந்தது. அளவுருவை மாற்றி, குறிப்பை மாற்றாமல் விட்டவரை இக்கருவி எச்சரிக்கும். எனினும் திரட்டியதைக் கோத்த டாக்புக் என்னும் வடிவம் கனமானது; அதன் கருவிகளை நிறுவுவதே பெரும் பாடாக இருந்ததால், விரிவாக எழுத முன்வந்தவர்கள் குறைவு. கிராபிக்ஸ் டிரைவர் பிரிவைச் சேர்ந்த டேனியல் வெட்டர், யானி நிகுலா முதலியோரின் வற்புறுத்தலும் உழைப்பும் சேர்ந்து, 2016 அக்டோபரில் வெளியான 4.8 பதிப்பில், எளிய உரையாகவே எழுதி நூலாக்கும் ஸ்பிங்க்ஸ் முறை புகுந்தது. ஊடக டிரைவர் பிரிவின் மவுரோ கார்வால்யோ செஹாப் பழைய கோப்புகளைப் பெருமளவில் அவ்வடிவுக்கு மாற்றினார். அந்த உழைப்பு வெளியே பெரிதும் அறியப்படவில்லை. புதிய டிரைவர் ஒன்றை எழுதியவருக்குக் கிடைக்கும் பெயர், நூற்றுக்கணக்கான பழைய கோப்புகளைச் செப்பனிட்டவருக்குக் கிடைப்பதில்லை.

2014இல் ஆவணப் பிரிவின் பராமரிப்பாளரான கார்பெட், குவிந்து கிடந்த கோப்புகளைப் படிப்பவரின் தேவைப்படி பிரிக்கத் தொடங்கினார். கணினி நிர்வாகிக்கு ஒரு நூல், பயனர் நிரல் எழுதுபவருக்கு ஒன்று, டிரைவர் எழுதுபவருக்கு ஒன்று, பேட்ச் எனப்படும் திருத்தத்தை எப்படி அனுப்புவது என்பதற்கு ஒன்று என இன்றுள்ள பிரிவுகள் அப்படி வந்தவை. சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் மொழிபெயர்ப்புகளும் அதே மூலநிரலில் வளர்கின்றன.

சாதன விவரிப்பு மரம் என்னும் துறையில் ஆவணம் மேலும் ஒரு படி சென்றது. கைபேசி, சிறு பலகைக் கணினி போன்றவற்றில் எந்தச் சில்லு எந்த முகவரியில் இருக்கிறது என்பதைக் கெர்னலுக்குச் சொல்லும் இந்த விவரிப்புக்கு, ஒவ்வொரு சாதனமும் என்னென்ன பண்புகளைத் தர வேண்டும் என்ற விதி முன்னர் வெறும் உரைநடையாக இருந்தது. ராப் ஹெர்ரிங் முதலியோரின் முயற்சியால் 2018 இறுதியிலிருந்து அவ்விதிகள் இயந்திரம் படிக்கக்கூடிய வடிவில் எழுதப்படலாயின. விவரிப்பு விதிக்கு மாறானால் சோதனைக் கருவி உடனே காட்டிவிடுகிறது. இங்கே ஆவணமே சோதனையாகவும் ஆகிவிட்டது.

ஆனால் டிரைவர் எழுதுபவருக்கு மிகவும் வேண்டிய செய்தி பெரும்பாலும் இவ்வகைச் சோதனைக்கு எட்டாதது. சாதனம் செயலியின் துணையின்றி நேரே நினைவகத்தை அணுகும் முறைக்கு டேவிட் மில்லர், ரிச்சர்ட் ஹெண்டர்சன், யாக்கூப் யெலினெக் ஆகியோர் எழுதிய வழிகாட்டியும், செயலிகள் நினைவகச் செயல்களின் வரிசையை மாற்றிவிடும்போது என்ன செய்வது என்பதற்கு டேவிட் ஹவல்ஸும் பால் மெக்கென்னியும் 2006இல் எழுதத் தொடங்கிய ஆவணமும் இதற்குச் சான்று. எப்படிச் செய்வது என்பதைவிட ஏன் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பதை இவை விரித்துரைக்கின்றன. காரணம் தெரிந்தவரே எதிர்பாராத புதிய வன்பொருள் வரும்போது சரியாக முடிவெடுக்க இயலும். கெர்னல்-டாக் வடிவிலும் சூழல் என்றொரு பகுதிக்கு இடம் உண்டு. இன்டரப்டைக் கையாளும் நேரத்தில் இச்செயற்கூற்றை அழைக்கலாமா, இது செயலியை விட்டுக்கொடுத்துக் காத்திருக்குமா, எந்தப் பூட்டைப் பிடித்திருக்க வேண்டும் என்பவை அங்கே எழுதப்பட வேண்டியவை. அளவுருக்களின் விளக்கம் நிறைந்திருக்கும் கோப்புகளிலும் இப்பகுதி பல இடங்களில் எழுதப்படாமலே இருக்கிறது.

2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில் ரஸ்ட் என்னும் நிரல்மொழி கெர்னலுக்குள் வந்தபோது ஆவணம் குறித்த விதிகள் அதனோடு சேர்ந்தே வந்தன. ரஸ்ட் ஆவணத்தில் தரப்படும் எடுத்துக்காட்டு நிரல்களை, 2023இல் வந்த 6.6 பதிப்பிலிருந்து, கெர்னலின் சோதனைகளாகவே ஓட்டிப் பார்க்கலாம். அச்சு நூலை முதுமையடையச் செய்தவை போன்ற எடுத்துக்காட்டு வரிகள் இப்போது பழுதடைந்தால் உடனே தெரியவரும். மொழியின் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தி எழுதும் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, அது ஏன் பாதுகாப்பானது என்ற காரணத்தை எழுதியாக வேண்டும் என்பதும் அங்கு விதி. குறிப்பு இருக்கிறதா என்பதைக் கருவியால் சோதிக்க முடிகிறது. அதில் சொல்லப்பட்ட காரணம் உண்மையா என்பதை, அந்தப் பிரிவின் பராமரிப்பாளர் பேட்சை வரிவரியாகப் படித்தே முடிவு செய்கிறார்.