எல்லையோரப் பயணியும் விபத்து இழப்பீட்டு உரிமையும்

திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20-ஆம் நாள் தன் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, நாகர்கோவில் எல்லாம் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலச் சீரமைப்பில் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலும் விளவங்கோடு வட்டம் இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்திலும் சேர்ந்தன. பாறசாலையை அடுத்த செங்கல் கிராமம் எல்லையோர ஊரானது. களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம் போகிறவர் அன்றுமுதல் வேறு மாநிலத்துக்குப் போகிறவர்.

பேருந்தில் போகும்போது காயம்பட்டவர், முன்பெல்லாம் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குக் கட்டணம் கட்டி வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டாயக் காப்பீடு 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எல்லை பிரிந்த அதே 1956-இல் வந்த சட்டத் திருத்தம், விபத்து இழப்பீட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழிசெய்தது.

ஆனால் அந்த வழியும் குறுகியது. விபத்து நடந்த பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அதற்கு 60 நாள்தான் கெடு. மார்த்தாண்டத்தில் அடிபட்ட செங்கல் ஊர்க்காரர், முறிந்த காலோடு தமிழ்நாட்டுத் தீர்ப்பாயத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. 1969-ஆம் ஆண்டுத் திருத்தம் கெடுவை ஆறு மாதமாக்கியது. எனினும் பேருந்துப் பயணி ஒருவருக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு 5,000 ரூபாயைத் தாண்டவில்லை. மிச்சத்தைப் பேருந்து உரிமையாளரிடம்தான் வாங்க வேண்டியிருந்தது. 1982-இல் அது 15,000 ரூபாயானது. 1989 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இருந்த இந்த உச்சவரம்பை நீக்கியது.

நீதிமன்றங்களின் பார்வையும் மாறிவந்தது. இரவில் சென்ற ஒரு தனியார் பேருந்து, தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு எட்டுப் பேர் உயிரிழந்தனர். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானார். அதைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 1980-இல் என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எழுதியவர் கேரளத்தைச் சேர்ந்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர்.

எல்லையோர மக்களுக்கு உண்மையான விடிவு 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. விபத்து எங்கே நடந்தாலும், பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம் என்றானது. தமிழ்நாட்டில் காயம்பட்டவர்கூட நெய்யாற்றின்கரையிலேயே நியாயம் கேட்க முடிந்தது. காலக்கெடுவும் அப்போது நீக்கப்பட்டது.

இழப்பை அளக்கும் முறையை 2010-ஆம் ஆண்டு ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த கூலி, வருங்கால வருமான இழப்பு, வலி ஆகியவை தனித்தனியே கணக்கிடப்படும். கை இழந்த தச்சரின் வருமான இழப்பும் எழுத்தரின் வருமான இழப்பும் ஒன்றல்ல. ஊனத்தின் சதவீதத்தை மட்டும் பார்க்காமல் தொழிலையும் பார்க்க வேண்டும். இரு வண்டிகள் மோதி, இரு ஓட்டுநர்மீதும் தவறு இருந்தால், பயணி எவரிடமும் முழுத்தொகை கேட்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய் பெற வழிவகுத்தது. வசிக்கும் இடத்தில் மனு கொடுக்கும் உரிமை நிலைத்தது. ஆனால் ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் மீண்டும் வந்தது. மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடப்பவருக்கு அது பெருஞ்சுமை.