அக்கரைச் சீமையும் கைப்பத்திரமும்

நமது கம்பம் பள்ளத்தாக்கின் வாலிபர்கள் இந்நாளில் எஞ்சினீயர்களாகவும் நர்சுகளாகவும் கணக்கர்களாகவும் தேர்ச்சி பெற்று, சிங்கப்பூர், துபாய், லண்டன் முதலிய இடங்களுக்குப் பிரயாணப்படக் கருதுதலை யாவரும் காண்கிறோம். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று விசாரிப்பதில் அவர்கள் குறை வைப்பதில்லை. அந்நாட்டுச் சட்டத்தின்படி தமது நிலை யாது என்று விசாரிப்போரோ சிலரே. ஆதலின் பரதேசஞ் சென்ற தமிழர் சரித்திரத்தில் ஒரு பகுதியை நம் அங்கத்தினர் குடும்பங்களின் பார்வைக்கு வைக்கத் துணிந்தோம்.

நம் பக்கத்தாருக்குப் பிறநாடு என்பது முதலில் கடலுக்கப்பால் இருந்ததன்று, மலைமேலேயே இருந்தது. போடிமெட்டோ குமுளியோ ஏறினால் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே அரசர் வேறு, சட்டம் வேறு, நாணயமும் வேறு. 28 சக்கரம் கொண்டது அவர்கள் ரூபாய். ஏலத்தோட்டந் தேடிச் சென்றோர் குடியை இப்பாலும் தொழிலை அப்பாலும் வைத்துக்கொண்டனர். 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரள ராஜ்யத்தில் சேர்ந்தன. மொழிவழிப் பிரிவினையால் வருத்தமுற்றோர் பலர் எனினும், இருபாலும் இந்தியாவே ஆனபடியால் எவருக்கும் குடியுரிமை போகவில்லை.

இலங்கை சென்றோர் கதை அத்தகையதன்று. மதுரை, இராமநாதபுரம், திருச்சி முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் அழைப்பை நம்பித் தேயிலைத் தோட்டங்களுக்கு லட்சக்கணக்கானோர் சென்றனர். கடைக் கணக்கராகவும் குமாஸ்தாக்களாகவும் சென்றோரும் உண்டு. மண்டபம் முகாமில் வைத்தியப் பரீட்சை முடிந்து, 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறினர். நாலு காசு சேர்த்துத் திரும்பிவிடலாம் என்பதே பெரும்பாலோர் எண்ணம். திரும்பவில்லை, பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தனர்.

1948இல் இலங்கைச் சுதேச சர்க்கார் இயற்றிய 18ஆம் எண் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் வழியில் அந்நாட்டுப் பிறப்பை நிரூபிக்கும்படி கேட்டது. மறுவருஷச் சட்டமோ, விவாகமானோர் 7 வருஷமும் ஆகாதோர் 10 வருஷமும் இடைவிடாது வசித்தமைக்கு ருஜு கேட்டது. தேயிலைக் கொழுந்து பறித்தவர் கையில் ருஜு ஏது? ஊர்த் திருவிழாவுக்கு வந்துபோன பயணமே 'இடைவிடாது' என்ற சொல்லுக்கு விரோதமாயிற்று! விண்ணப்பித்த சுமார் 8 லட்சம் பேரில் அவ்வழியே உரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேர்தாம். 1964ஆம் வருஷத்துச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். பங்கிடப்பட்டோரின் சம்மதம் கேட்கப்படவில்லை. முன்னோர் தங்கிப் புறப்பட்ட அதே மண்டபம் முகாமிலேயே பேரர்கள் பெட்டி படுக்கையுடன் வந்திறங்கினர்.

இது கூலிகளின் கதை, படித்த நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். 1942இல் ஜப்பானியர் படையெடுப்புக்கஞ்சிப் பர்மாவிலிருந்து கால்நடையாய் வந்தவர்களில் வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் இருந்தனர். அதே பர்மாவின் மியாவாடியில், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஆசைகாட்டி ஏமாற்றிக் கொண்டுபோகப்பட்ட படித்த இளைஞர் சிக்கி, 2022 அக்டோபரில் தமிழ்நாட்டார் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர்.

நஞ்சையை அடமானம் வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் ஒன்று கவனிக்க. 1922ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின் இடத்தில் 1983ஆம் வருஷத்துச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி ஆள்சேர்க்கும் ஏஜண்டு சர்க்காரிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அவர் வாங்கத்தக்க கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. இரண்டு மூன்று லட்சம் கேட்பவரிடம் பதிவு எண் கேட்பதற்கு நம்மவர் இன்றும் கூச்சப்படுகின்றனர். சுற்றுலா விசாவில் போய்ச் சேர், வேலைப் பத்திரம் அங்கே வரும் என்று எவரேனும் சொன்னால், அவ்விசா வேலை செய்ய உரிமை தருவதன்று என்பதை அறிந்து, வேலைப் பத்திரம் கைக்கு வந்த பின்னரே டிக்கெட் வாங்குக.