ஒலியால் அளந்த நீரோட்டம்

சுன்னாகத்தில் வாழும் எமக்குக் கிணற்று நீரே நெருங்கிய உறவு. எனினும் சிறிது தூரம் வடக்கே சென்றால் பாக்கு நீரிணையின் அலை காலைத் தொடும். அத்தகைய கடல்வழிகளின் ஓட்டத்தை மனிதன் அளக்கக் கற்ற வரலாறே இன்றைய பேச்சு.

சோழகம் வீசுங் காலத்தில் மன்னார்க் குடாவின் நீர் பாம்பன் வாய்க்கால் வழியே வடக்கு நோக்கிப் பாயும். வாடை எழுந்ததும் ஓட்டம் திரும்பிவிடும். இத்தகைய மாற்றங்களை எம் கடலோடிகள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது என்றால், அவ்வறிவின் ஆழத்தை உய்த்துணரலாம்.

மேலைநாட்டார் வேறொரு வழியையும் தேடினர். 1826இல் ஜெனீவா ஏரியில் கொலடோன், ஸ்ரேர்ம் என்னும் அறிஞர் இருவர், நீருள் மணியொலிக்கும் அதே கணத்தில் மேலே வெடிமருந்து ஒளிரச் செய்தனர். ஏறத்தாழ 13 கிலோமீற்றருக்கு அப்பால், ஒளி தெரிந்தபின் ஓசை வந்துசேர எடுத்த நேரத்தை அளந்தனர். நீரில் ஒலி செக்கனுக்கு 1,435 மீற்றர் செல்லும் என்று கண்டனர்.

1842இல் ஒஸ்திரியரான டொப்ளர், அலையின் பிறப்பிடம் நெருங்கினால் அதிர்வு மிகும், விலகினால் குறையும் என்றார். விண்மீன் ஒளியைக் கருதி அவர் கூறிய விதி ஒலிக்கும் பொருந்தும் என்பதை, 1845இல் ஒல்லாந்தில் ஓடும் புகைவண்டியில் ஊதுகொம்பு இசைத்து மெய்ப்பித்தனர்.

இவ்வறிவெல்லாம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கருவியாக உருப்பெற்றது. அது நீருள் ஒலித்துடிப்புகளை விடுக்கும்; நீரோடு செல்லும் மண்துகள்களும் நுண்ணுயிர்களும் அவற்றை எதிரொலிக்கும். எதிரொலியின் சுருதி மாற்றம், ஓட்டத்தின் வேகத்தை ஆழந்தோறும் கூறும். எதிரொலியின் வலிமையோ நீரின் கலங்கலை உணர்த்தும். தூரம் மிக மிக ஒலி தானே மெலியுமாதலின், அம்மெலிவை ஈடுசெய்தே கலங்கலைக் கணித்தல் வேண்டும். வலிமை மிகக் குன்றிய இடத்து வேகக் கணக்கும் நம்பத்தக்கதன்று. ஆதலால் இரண்டையும் ஒருங்கே பதிவு செய்வர். வாய்க்கால் எங்கே தூரும், வழிதவறிய மீனவன் படகு எப்பக்கம் ஒதுங்கும் என்பனவற்றை மதிப்பிட இப்பதிவுகள் துணைபுரியும்.

ஆயினும், கருவி பிறந்த நாளுக்கு முன்னர்க் கடல் எவ்வாறு ஓடிற்று என்பதைக் கருவி சொல்லாது. அதனை அறிந்த முதியோர் சிலர் இன்னும் எம் கரையோர ஊர்களில் உள்ளனர். எந்த மாதத்தில், எந்த இடத்தில், ஓட்டம் எப்படித் திரும்பியது என்று அவர்களிடம் கேளுங்கள். மாணவர்களே, கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி, திகதியும் இட்டு வையுங்கள். எழுதாது விட்டால், அவர்களோடு அதுவும் மறைந்துபோகும்.