கோதுமைக்குள் தங்கிய உமிழ்நீர்

நொதியம் என்று நான் சொன்னவுடன் என் மாணவர்களுக்குச் செரிமானம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஈரான், சிரியா, துருக்கி நாட்டு உழவர்களுக்கோ அது ரொட்டியைப் பறித்த பொருள்.

அங்குள்ள மலைகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் ‘சுன்’ என்னும் நாவாய்ப்பூச்சி, இளவேனிலில் கோதுமை வயல்களுக்கு இறங்குகிறது. முற்றிவரும் மணியில் ஊசி போன்ற வாயைச் செருகி, உமிழ்நீரைச் செலுத்திக் கரைத்து உறிஞ்சுகிறது. அவ்வுமிழ்நீரிலுள்ள, புரதத்தைச் சிதைக்கும் நொதியம் அறுவடைக்குப் பின்னும் மணிக்குள் தங்கிவிடுகிறது. மாவில் நீர் ஊற்றிப் பிசைந்ததும் மீண்டும் வேலையைத் தொடங்கிப் பசைப்புரதத்தைத் துண்டாடுகிறது. ரொட்டி சானாய் போடுபவர் மாவை வீசி விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இழுவை இப்புரதத்தால் வருவதே. அது சிதைந்தால் மாவு பிசுபிசுத்துப் பரவும்; உப்பாது. நூறு மணிகளில் இரண்டு மூன்று குத்தப்பட்டிருந்தாலே மூட்டை முழுவதும் ரொட்டிக்கு ஆகாமல் போகலாம். பார்வைக்கு நல்ல விளைச்சல்தான்!

1903-இல் உக்ரைனில் வசிலியேவ் என்பார், இப்பூச்சியின் முட்டைக்குள் முட்டையிடும் சிறுகுளவிகளை வயலில் விட்டுப் பார்த்தார். பிற்காலத்தில் மருந்தடிப்பே மேலோங்கியது, வானூர்தியிலிருந்தும் தெளித்தனர். குளவிகளும் சேர்ந்து மடிந்தன. சிரியாவின் அலெப்போ அருகிலிருந்த இக்கார்டா ஆய்வு மையம், பூச்சியைக் கொல்லும் பூஞ்சைகளை ஆராய்ந்தது. 2004-இல் இந்த ஒரு பூச்சிக்காகவே அங்கு அனைத்துலக மாநாடு கூடியது. 2012-இல் போரினால் அம்மையத்தின் தலைமையகம் அலெப்போவை விட்டு வெளியேறியது. பூச்சி வெளியேறவில்லை.