சுரங்கக் காற்றும் ஓசோனும்

லண்டன் நகரின் அடியில், ஷெப்பர்ட்ஸ் புஷ் முதல் பாங்க் வரையில் பூமியைக் குடைந்து அமைத்த சென்ட்ரல் லண்டன் ரயில்வே 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது, புகை கக்காத மின்சார வண்டி என்ற கீர்த்தி அதற்கு உண்டாயிற்று. ஆயினும், எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் இரண்டே பென்னி என்ற கட்டணத்தால் திரண்டு வந்த ஜனங்களின் சுவாசமும் வியர்வையும் வெளியேற வழியின்றி அந்த ஆழத்திலேயே தங்கிப் புழுங்கியதால், நிலையங்களின் காற்றைப் பற்றிய புகார் வெகு சீக்கிரமே எழுந்தது. கம்பெனியார் 1911-ஐ ஒட்டிய காலத்தில் கண்ட பரிகாரம், வெளிக்காற்றை வடிகட்டி, அதில் ஓசோனைக் கலந்து, விசிறிகளால் உள்ளே செலுத்துவது.

அந்த ஓசோன் பிறந்த கருவிக்கு மூலபுருஷர் ஜெர்மானியரான வெர்னர் சீமென்ஸ். ஒன்றினுள் ஒன்றாகச் செருகிய இரு கண்ணாடிக் குழாய்களின் இடைவெளியில் காற்றை ஓடவிட்டு, உலோகத் தகடுகளைக் கண்ணாடிக்கு அப்பால் நிறுத்தி, உயர் அழுத்த மின்சாரத்தைச் செலுத்தும் உபாயத்தை அவர் 1857-இல் வெளியிட்டார். கண்ணாடி குறுக்கே நிற்பதால் மின்சாரம் ஒரே சுடராகப் பாய்ந்து எரித்துவிடாமல், எண்ணற்ற நுண்ணிய மின்னிறக்கங்களாகச் சிதறுகிறது. எலெக்ட்ரான்கள் உக்கிரமான வேகம் பெற்றும் காற்று குளிர்ந்தே இருக்க, பிராணவாயுவின் மூலக்கூறுகள் பிளந்து ஓசோனாக மறுபடி கூடுகின்றன. இத்தகைய மின்னேற்ற வாயுவுக்குப் பிளாஸ்மா என்று அமெரிக்க விஞ்ஞானி லாங்மியூர் நாமகரணம் செய்தது 1928-இல்தான்; எழுபது ஆண்டுகள் அது பெயரில்லாமலே ஊழியம் செய்தது.

பிரான்ஸின் நீஸ் நகரில் 1906 முதல் குடிநீரை ஓசோன் சுத்திகரித்து வந்ததால், நீரில் பலித்தது காற்றிலும் பலிக்கும் என்று நம்பியதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஆனால் சிக்காகோவில் ஜோர்டன், கார்ல்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பொறுமையுடன் பரீட்சித்து 1913-இல் வெளியிட்ட முடிவு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது: மனிதன் தாங்கக்கூடிய அளவு ஓசோன் அறைக்காற்றிலுள்ள கிருமிகளை ஒன்றும் செய்வதில்லை, கிருமிகளைக் கொல்லும் அளவோ சுவாச உறுப்புகளையே புண்ணாக்கும், துர்நாற்றம் மறைவதும், காற்று சுத்தமானதால் அல்ல, ஓசோனின் நெடி அதை மூடி நாசியின் உணர்வை மழுங்கச் செய்வதால்தான். விற்பனையாளரின் ஆரவாரம் ஓங்கியிருந்த காலத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசிய அந்த ஆராய்ச்சியை நான் மிகவும் மதிக்கிறேன்.

பிளாஸ்மாவை மக்கள் சுவாசிக்கும் இடத்திலிருந்து பிரித்து, காற்றுக்குழாயின் உள்ளேயே அடைத்துவைப்பதுதான் பிற்காலத்தவர் கண்ட வழி. அந்தக் கூட்டுக்குள் புகும் நுண்ணுயிர்களை மின்னிறக்கத்தில் தோன்றும் வீரியமுள்ள துகள்கள் கணப்பொழுதில் தாக்குகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட சோதனையில், இவ்வகைக் கருவி ஒன்றைக் கடந்த காற்றில், பாக்டீரியாவைத் தொற்றும் பரீட்சை வைரஸ் 99.9 சதவீதம் வீரியமிழந்தோ நீக்கப்பட்டோ போயிற்று. அன்று சரக்காக விற்ற ஓசோனோ, இன்று வெளிவாயிலில் வடிகட்டி அகற்றவேண்டிய கழிவாகிவிட்டது; வீடுகளிலும் அலுவலகங்களிலும் வைக்கும் காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகள் பத்து லட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் அதை வெளியிடலாகாது என்று கலிபோர்னியா மாநிலம் சட்டபூர்வமாக வரம்பு விதித்திருக்கிறது.